கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் போட்டோஷாப் பறக்குமா?

ஆவணி பிறந்துவிட்டால் போட்டோ ஸ்டூடியோக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படங்கள். அதில் நல்லதைப் பொறுக்கி, கலர் திருத்தி, ஆல்பம் போட்டுக் கொடுப்பதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் திணறும். "அண்ணே, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுடுங்க, சும்மா பறக்கும்" என்பார் கடைக்காரர். அவர் சொல்லும் விலையோ ஒரு ஆர்டரின் லாபத்தையே விழுங்கிவிடும்.

போடலாமா? கம்ப்யூட்டர் எந்த வேலையில் திணறுகிறது என்று தெரியாமல் இதற்கு பதில் சொல்ல முடியாது.

கல்யாண சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிராசஸர்தான் தலைமைச் சமையல்காரர். எல்லா வேலையும் தெரியும், ஆனால் அவர் ஒருவர். கூட நாலைந்து உதவியாளர்கள் இருப்பார்கள், அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டு என்பது காய் நறுக்க வந்த நூறு பேர். ஒரே மாதிரி வேலையை லட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் செய்ய வேண்டுமென்றால் இவர்கள் நொடியில் முடிப்பார்கள். சாம்பாருக்கு உப்பு பார்க்க நூறு பேர் எதற்கு?

போட்டோஷாப் 2008-ல் சி.எஸ்.4 பதிப்பிலேயே கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. அப்போது படத்தைப் பெரிதாக்குவது, திருப்பிப் பார்ப்பது போன்ற காட்சி வேலைகளுக்குத்தான். 2012-ல் வந்த சி.எஸ்.6-ல் லிக்விஃபை, சில பிளர் வசதிகள் சேர்ந்தன. இவற்றுக்கெல்லாம் சாதாரண கார்டே போதும். விலையை இரண்டு மடங்காக்கினால் வேகமும் இரண்டு மடங்காகாது.

ஆட்டம் மாறியது 2023-ல். லைட்ரூமில் ஏ.ஐ. டீநாய்ஸ் வந்தது. இரவு ரிசப்ஷனில், வெளிச்சம் குறைந்த மண்டபத்தில், ஐ.எஸ்.ஓ-வை ஏற்றி எடுத்த படங்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியுமே, அதைத் துடைத்தெடுக்கும் வசதி. ரா ஃபைலாக எடுத்த படங்களுக்காக வந்தது. இந்த வேலை பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்பின் தலையில்தான் விழுகிறது. நல்ல கார்டு இருந்தால் ஒரு படம் சில விநாடிகளில் முடியும். பழைய கம்ப்யூட்டரில் பல நிமிடங்கள் ஆகும். ஒரு படத்துக்கு 5 நிமிடம் என்று வைத்தால் 100 படங்களுக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். 15 விநாடி என்றால் 25 நிமிடம். ராத்தூக்கம் போகுமா, கிடைக்குமா என்கிற வித்தியாசம் இது. இந்த வேலை அடிக்கடி இருப்பவர்கள் 8 ஜி.பி. மெமரி உள்ள கார்டு வாங்கினால், போட்ட காசு நிச்சயம் திரும்ப வரும்.

ஆல்பம் டிசைன் மட்டும் செய்பவர்களின் கதையே வேறு. 12-க்கு 36 அங்குல ஷீட் ஒன்றை 300 டி.பி.ஐ-யில் திறந்தால் 3,600-க்கு 10,800 புள்ளிகள். ஷீட்டை முழுக்க நிரப்பும் ஒரு லேயருக்கே 110 எம்.பி-க்கு மேல் வேண்டும். பத்து லேயர் போட்டால் 1 ஜி.பி. தாண்டிவிடும். கூடவே பிரவுசரில் பாட்டு ஓடும், லைட்ரூம் திறந்திருக்கும். 8 ஜி.பி. ரேம் நிரம்பியதும் போட்டோஷாப் ஹார்ட் டிஸ்க்கில் இடம் தேடி ஓடும். திணறல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் இது தீராது. ரேமை 32 ஜி.பி. ஆக்குங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள்.

'ஜெனரேட்டிவ் ஃபில்' மெதுவாக இருக்கிறதே என்று கார்டு வாங்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. அந்த வேலை அடோபி நிறுவனத்தின் சர்வரில் நடக்கிறது. அங்கே உங்களுக்கு வேண்டியது நல்ல இன்டர்நெட்.

சரி, உங்கள் கம்ப்யூட்டரில் எது தடை? கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு, வழக்கமாக உங்களை எரிச்சல்படுத்தும் அந்த வேலையைச் செய்யுங்கள். மெமரி 95 சதவிகிதத்தைத் தொட்டால் ரேம். டிஸ்க் நூறிலேயே நின்றால் எஸ்.எஸ்.டி. ஜி.பி.யு. முட்டிக்கொண்டு நின்றால் மட்டும் கார்டுக் கடைக்குப் போங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கார்டை மட்டும் தனியாக மாற்ற முடியாது. வாங்கும்போதே பார்த்து வாங்கினால்தான் உண்டு.

டெஸ்க்டாப்பில் பவர் சப்ளை புது கார்டைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு டிரைவரை அப்டேட் செய்துவிட்டு, போட்டோஷாப்பிலும் லைட்ரூமிலும் பிரிஃபரன்சஸ் போய் கிராஃபிக்ஸ் பிராசஸர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் இருந்து பிடுங்கி கார்டில் சொருகுங்கள். புது கார்டு போட்டும் பழைய இடத்திலேயே கேபிளை விட்டுவைத்திருப்பவர்கள் நிறைய பேர்.