புதுச் செல் எண்டாலும் அளந்து பாருங்கோ

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன காலத்தில்தான் எங்களுக்குப் பற்றரிப் பைத்தியம் பிடிச்சது. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது என்னத்துக்கு எண்டு கேட்டவையும் இருக்கினம். இருட்டில் எல்லாப் பீடமும் ஒண்டுதானே.

12 புது 18650 செல் வாங்கினோம். நாலு நாலாகப் பக்கம் பக்கமாகச் சேர்த்து மூன்று தொகுதி. அந்த மூன்றும் தொடராக. புதுசை ஏன் சோதிக்க வேணும் எண்டு அண்டைக்கே ஒட்டி முடிச்சாச்சு. கொஞ்ச நாளில் எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னமே அணையத் தொடங்கினது. பிரிச்சு அளந்தால் இரண்டு தொகுதி நல்லா இருக்கு, ஒண்டுதான் சோர்ந்து கிடக்கு.

தொடரில் பலவீனமான தொகுதிதான் முழுப் பற்றரியின்ர அளவு. இரண்டு தொகுதி 10 அம்பியர் மணி, ஒண்டு 8 எண்டால் கிடைக்கிறது 8தான். மற்ற இரண்டிலும் மிச்சம் சும்மா கிடக்கும். 'பிஎம்எஸ் சமப்படுத்தும்தானே' எண்டு சொல்லுவினம். அது சமப்படுத்துறது சார்ஜை; இல்லாத கொள்ளளவை அது எங்கயிருந்து கொண்டு வரும்?

நல்ல கொம்பனியின் ஒரே தொகுப்பில் வந்த செல்லுகளுக்குள் வித்தியாசம் குறைவு, உண்மைதான். ஆனால் கடைக்காரர் அள்ளித் தாற செல் எந்தத் தொகுப்பு எண்டு ஆருக்குத் தெரியும்? (9900 மில்லி அம்பியர் மணி எண்டு அச்சடிச்ச 18650 எண்டால் சோதிக்கவே வேண்டாம். உண்மையான நல்ல செல்லே 3500 அளவில்தான் நிக்கும்.)

வீடியோக்களில் எல்லாரும் வெல்டிங் பொறி பறக்கிறதைத்தான் காட்டுகினம். சோதனை சலிப்பான வேலை. ஒவ்வொரு செல்லையும் 4.2 வோல்ற்றுக்கு ஏற்றி, ஒரே அளவு மின்னோட்டத்தில் கொம்பனி சொன்ன எல்லை வரைக்கும் இறக்கி, எவ்வளவு வந்தது எண்டு செல்லிலேயே எழுத வேணும். உள்தடையையும் அளந்து, மற்றதுகளை விடக் கூடின செல்லை விலக்க வேணும். பிறகு திரும்ப ஏற்றி இரண்டு கிழமை சும்மா வைக்க வேணும். மற்றதுகளை விட வோல்ற்று இறங்கின செல்லுக்குள் ஏதோ கசிவு இருக்கு. நாங்கள் படுத்துறங்கிற அறைக்குள் அது வேண்டாம்.

இரண்டாம் தரம் அப்பிடித்தான் செய்தோம். கூடின செல்லோடு குறைஞ்ச செல்லைச் சேர்த்து, மூன்று தொகுதியின் கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட ஒண்டாக வரும்வரை தாளில் மாத்தி மாத்திப் போட்டோம். கணக்குக்குப் பயந்து கலைப்பீடம் வந்த ஆக்கள் நாங்கள்!

சோதிக்கிற சார்ஜர் விலைதான், ஆனால் ஆளுக்கொண்டு தேவையில்லை. எங்கட நாலு செல் சார்ஜர் அறையில்தான் கிடக்கு. செல்லைக் கொண்டு வாங்கோ. அண்டைக்கே கேக்கக்கூடாது.