ஏழைக்குக் கணக்குத் தெரியும்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் தாராவிப் பேச்சு வந்தால், கடைசியில் ஒரு தீர்ப்பு வந்து விழும்: "அவங்களுக்குச் சம்பாதிக்கத் தெரியும், பணத்தை வச்சுக்கத் தெரியாது சார்." வட்டிக்கு வாங்குகிறார்கள், சேமிப்பதில்லை, அதனால்தான் ஏழையாகவே கிடக்கிறார்கள் என்பது இதன் சாரம். காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்துப் பேசும் பேச்சு இது.

விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு தாராவியிலிருந்து கிளம்புகிறவரைக் கேட்டுப் பாருங்கள். அரிசி, உளுந்து, கேஸ், விற்காமல் மிஞ்சியது எல்லாம் கழித்து அன்றைய லாபத்தை வாய்க்கணக்காகவே சொல்வார். 10,000 ரூபாய்த் தண்டலில் 9,000 கையில் வாங்கி, தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டுவது நஷ்டம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 80 சதவீதத்தை நெருங்கும் கடன் அது. தெரிந்தும் ஏன் வாங்குகிறார்?

இதற்கு விடை தேடியவர்களில் தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதனும் ஒருவர். அவரும் ஆனந்தி மணி உள்ளிட்ட மூவரும் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 464 விவசாயிகள். கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும்; வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும், பிறகு கொஞ்சம் தாராளம். ஒரே மனிதரிடம் இரு சமயத்திலும் அறிவுச் சோதனை வைத்தார்கள். வடிவப் புதிர்களில் வெட்டுக்குப் பிந்தைய மதிப்பெண் சுமார் கால்பங்கு கூடியிருந்தது. ஆள் அதே, படிப்பு அதே, மாறியது கையிருப்பு. பணக் கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது, மற்றதை யோசிக்க இடம் குறைகிறது என்றார்கள்.

எல்லா ஆய்வும் இதை ஆமோதிக்கவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தவர்கள் இப்படி வித்தியாசம் காணவில்லை. சரி, விவாதம் நடக்கட்டும். ஆனால் ஏழையின் புத்தியே கோணல் என்பதற்கு அந்த ஆய்வும் சாட்சி சொல்லவில்லை.

சென்னைக் கோயம்பேட்டுச் சந்தைக்கு வாருங்கள். காலையில் 1,000 ரூபாய் வாங்கி மாலையில் 1,050 கொடுக்கும் வியாபாரி, தினம் 5 ரூபாய் ஒதுக்கி, அதனால் மிச்சமாகும் வட்டியையும் சேர்த்து முதலில் போட்டுவந்தால் ஏறக்குறைய 50 நாளில் கடனே வேண்டாம். "பார்த்தீர்களா, சிக்கனமில்லை!" என்று துள்ளுவார் நம் செம்பூர் நண்பர். ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட வியாபாரிகள் சிலரின் கடனை அடைத்தே பார்த்தார்கள். அந்த வியாபாரிகள் உடனே ஊதாரித்தனம் செய்துவிடவில்லை. மாதக்கணக்கில் கடனின்றித் தாக்குப்பிடித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக மறுபடி விழுந்தார்கள். எதிர்பாராத ஒரு செலவைத் தாங்கக் கையிருப்பு இல்லாததே காரணம். தாராவியில் இதுபோலக் கையிருப்பை மிஞ்சும் செலவு ஜூனில் வருகிறது. மழையும் பள்ளித் திறப்பும் ஒன்றாக வரும்; கூரைக்குத் தார்ப்பாய், பிள்ளைக்குப் புத்தகம், மழையால் குறைந்த வியாபாரம்.

நண்பரின் சேமிப்புக்கு வருவோம். சம்பளம் கைக்கு வருமுன்பே பி.எஃப். பிடிக்கப்படுகிறது. எல்.ஐ.சி. பிரீமியத்தை வங்கியே எடுத்துக்கொள்கிறது. மருத்துவச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறது. அவர் மாதம் ஒரு முறைகூட மனத்தைக் கட்டுப்படுத்தவேண்டிய அவசியமில்லை. அவருடைய சிக்கனத்தில் பெரும்பங்கு கம்பெனி அக்கவுண்டண்ட் செய்கிற வேலை.

ஆகவே, சிக்கனம் கற்றுக்கொடுக்கத் தாராவியில் முகாம் போடக் கிளம்பும் நல்லவர்களே, அதற்கு முன் செய்ய வேண்டியது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுங்கள். காய்ச்சலில் படுத்த நாளுக்குப் பிடிக்காதீர்கள். ஜூனில் முன்பணம் கேட்டால் பிரசங்கம் செய்யாமல் கொடுங்கள்.