அஞ்சு மார்க் கவிதையும் ஒரு உப்பளப் படமும்

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் சண்டை. வம்பு வேணாம்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு வினா வரும். ஒரு படம், 5 மதிப்பெண். இதை யோசிச்சவருக்கு ஒரு பெரிய கும்பிடு. பிள்ளைகிட்ட 'நீ என்ன பார்க்கிற?'ன்னு கேட்கிற வினா நம்மூரில் அபூர்வம். ஆனா அதை நாம என்ன பண்ணி வச்சிருக்கோம்? எந்தப் படத்துக்கும் ஒட்டுற மாதிரி சில வரிகளை மனப்பாடம் பண்ண வைக்கிறோம். மரம் வந்தாலும் அதே வரி, மழை வந்தாலும் அதே வரி. கண்ணை மூடிக்கிட்டே எழுதலாம். பேரு மட்டும் 'காட்சியைக் கண்டு'!

மாப்பிள்ளையூரணியில் எங்க தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். விக்கிமீடியா காமன்ஸில் ஒரு உப்பளப் படம் எடுத்துக் காட்டினேன். 'வர்ணிச்சு எழுது'ன்னு சொல்லலை. மூணே கேள்வி. மணி என்ன இருக்கும்? படம் எடுத்தவர் எங்க நின்னாரு? படத்துக்கு வெளியே யார் இருக்கா?

மனப்பாட வரி ஒண்ணும் கைகொடுக்கலை. உப்பு வாரப் போற அம்மாவோட மக எழுதினா: "வெளியே எங்கம்மா நிக்கா. வெயிலு கூசும், அதான் நிமிரலை."

ஏல, இதுல்லா கவிதை!

ஃபிளிக்கரும் காமன்ஸும் 2004-ல் வந்தவை. 2011-12-ல் தமிழ் விக்கிமீடியர்கள் ஊடகப் போட்டியே நடத்தி நம்ம ஊர்ப் படங்களைச் சேர்த்தாங்க. ஃபிளிக்கரில் உரிமம் பார்த்துத் தேடற வசதியும் இருக்கு. சரக்கு இருக்கு, கடையும் திறந்திருக்கு. நாமதான் உள்ளே போகலை.

'செல்போனைக் கொடுத்தா பிள்ளை கெட்டுரும்'பாங்க. யார் கொடுக்கச் சொன்னா? வாத்தியார் தேடி எடுத்த ஒரே ஒரு படம், ஹைடெக் லேப் இருந்தா அதோட திரையில், இல்லேன்னா ஒரு அச்சுப்பிரதி. பிள்ளைக்குக் கணக்கே வேண்டாம். பிள்ளைங்க முகத்தைப் பொதுவில் ஏத்தவே கூடாது.

'மார்க் போயிடுமே'ன்னு இன்னொரு கட்சி. இங்கதான் சண்டை. மனப்பாட வரிக்கும் மார்க்கை அள்ளிக் கொடுக்கிற வரைக்கும் எவன் படத்தைப் பார்ப்பான்? படத்துல இருக்கிற ஒரு பொருளாவது விடையில் இல்லையா, குறைங்க மார்க்கை. அடுத்த வருஷமே பிள்ளைங்க கண்ணைத் திறந்துரும்.

பதிவர்களே, கேமராவோட அலையிறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. சூரிய அஸ்தமனம் எடுத்தது போதும். உங்க ஊர் வேலையை, சந்தையை, பஸ் ஸ்டாண்டை எடுத்து, யாரும் பயன்படுத்துற உரிமத்தில் ஏத்துங்க. எங்க கடலில் முத்துக்குளிப்பு நின்னு அறுபது வருஷத்துக்கு மேலாச்சு. அதை இந்தப் பிள்ளைங்க படத்துலதான் பார்க்க முடியும். உப்பளத்துக்கும் அந்த நிலை வர்றதுக்குள்ள எடுத்து வைப்போம்.

என்ன நாஞ் சொல்றது?