கட்டிலுக்குத்தான் காப்பீடா?

நோய் வரும், மருந்து கொடுத்தால் போகும், போகாவிட்டால் ஆளைக் கொண்டு போகும். நம் அரசாங்கங்கள் வகுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் இந்த எண்ணத்தின்மீதே எழுப்பப்பட்டவை. வந்தபின் போகாமலும், ஆளை உடனே கொண்டு போகாமலும், பத்தாண்டு, இருபதாண்டு உடலிலேயே குடியிருந்து அதைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றும் நோயும் உண்டென்பதைத் திட்டம் வகுத்தோர் எண்ணிப் பார்க்கவில்லை.

நடுக்குவாதத்தை எடுத்துக்கொள்வோம். 1817-இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பெயரை ஆங்கில மருத்துவம் இதற்குச் சூட்டியது. அரபியில் 'அஷ்ஷலலுர் ரஅஆஷ்' என்பர். நடுக்கும் வாதம் என்றே அதற்கும் பொருள். குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீக்கு 1984-இல் கண்டறியப்பட்டு, 2016-இல் அவர் மறையும்வரை உடனிருந்தது இந்நோயே. பார்ப்பவர் கண்ணுக்கு நடுக்கம்தான் தெரிகிறது. நோயாளியை முடக்குவதோ விறைப்பும் மந்தமும். சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாது. படுக்கையில் புரள முடியாது. எடுத்து வைக்க வேண்டிய கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூளையில் டோபமின் சுரக்கும் அணுக்கள் மடிவதே காரணம். லெவோடோபா மாத்திரை அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும், நோயை நிறுத்தாது. ஆகவே வாழ்நாள் முழுதும், வேளை தவறாமல் விழுங்க வேண்டும். நோய் முற்ற முற்ற வேளைகளும் நெருங்கி வரும்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு வேண்டியது அறுவை அரங்கு அன்று. மாத்திரை, இயன்முறைப் பயிற்சி, கைத்தாங்கலாக ஓர் ஆள் – இவைதாம் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை பொறுப்பேற்கிறது. மத்திய அரசோ 2024 அக்டோபர் முதல், எழுபது வயது நிரம்பிய எவருக்கும் வருமானம் பாராமல் காப்பீடு என்றது. நல்லவையே, குறை சொல்லவில்லை. ஆனால் இவை பெரும்பாலும் கட்டிலில் படுத்தவருக்கே. மத்தியத் திட்டத்தின் கணக்கில் மருத்துவமனையில் சேர்வதற்கு முன் 3 நாள், வெளிவந்தபின் 15 நாள். அதற்கப்பால் மருந்துச் செலவு நோயாளியின் பாடு. கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைக்குப் பணமுண்டு. விழாமல் காக்க உதவும் பயிற்சிக்கும் மாத்திரைக்கும் இல்லை. இது சிக்கனமுமன்று, கருணையுமன்று.

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் இக்கொடுமை இரட்டிப்பாகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் ஆலைத் தொழிலாளிக்குப் புறநோயாளி மருந்தையும் உரிமையாக்கியது. ஓய்வுபெற்றபின்னும் சொற்பத் தொகை செலுத்தித் தொடர வழி செய்தது. தோட்டத் தொழிலாளி அதற்கு வெளியே நின்றார். 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்குத் தோட்ட மருத்துவமனைதான். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் கொழுந்து பறித்தவர்கள் பலரும் இந்த நிழலில் இருந்தவர்களே. அந்த நிழலோ வேலை உள்ளவரைதான். ஓய்வுபெறும் நாளில் லைன் வீடும் தோட்ட மருத்துவமனையும் ஒருங்கே கைவிட்டுப் போகும். நடுக்குவாதம் பெரும்பாலோரிடம் தலைகாட்டுவதும் அறுபதை ஒட்டிய அதே வயதில்தான்! 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தோட்டங்களும் ஈட்டுறுதியில் சேரலாம் என்கிறது. யாருக்கு விருப்பமிருந்தால்? முதலாளிக்கு. நோய் தொழிலாளிக்கு, விருப்பம் முதலாளிக்கு!

"அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாயிற்றே" என்பர். உதகையில் 700 படுக்கைகளுடன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது உண்மை; மகிழ்ச்சியே. ஆனால் கூடலூரிலிருந்து உதகைக்கு ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. கால் ஒட்டிக்கொள்ளும் மனிதர் மாதந்தோறும் பேருந்துப் படியேறி வர வேண்டும். உடன்வரும் மகளோ மருமகளோ அன்றைய கூலியை இழக்க வேண்டும். இலவசத்தின் விலை இது.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டு, விரிவான காப்பீடும் வேண்டும் என்கிறது. கூடவே ஒரு பொடி: வேறு அரசுக் காப்பீட்டில் அடங்காதோருக்கு மட்டும்! ஏட்டில் 5 லட்சத்துக்குக் காப்பீடு பெற்றவர், ஒரு மாத்திரைக்கும் அது உதவாத நிலையிலும், 'அடங்கியவர்' ஆகிவிடுகிறார். புறநோயாளிச் செலவைக் காப்பீட்டில் சேர்க்க இயலாதென்பதும் பொய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் மருந்து, பயிற்சி உட்பட ஒரு லட்சம் ரூபாய்வரை தருகிறதே! ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என நான்கோடு அது நின்றுவிட்டதே குறை.

நம்மவர் சிலர், "ஜகாத் இருக்கிறது, ஜமாஅத் இருக்கிறது, அரசிடம் ஏன் கையேந்த வேண்டும்?" என்கிறார்கள். ஜும்ஆவுக்குப் பின் துண்டேந்தித் திரட்டும் பணம் இரண்டு மாதத்துக்கு வரும். இந்த நோய் இருபதாண்டுக்கு வரும். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையின் வக்ஃபு ஆவணம், நோயாளி தங்க நாட்கணக்கு விதிக்கவில்லை. வீட்டில் கிடக்கும் ஏழை நோயாளிக்கும் மருந்து அனுப்பப் பணித்தது. அது நிலையான வருவாயில் நின்ற ஏற்பாடு. அன்றன்று இரங்குவோரின் தயவில் நின்றதன்று. இன்று அந்த இடத்தில் நிற்க வேண்டியது வரி வாங்கும் அரசு.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் தருகிறது தமிழக அரசு. நடுக்குவாத மாத்திரையும் அந்தப் பையில் வரட்டும். முதலமைச்சர் காப்பீட்டில் புறநோயாளிச் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்கப்படட்டும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஈட்டுறுதிக்குள் வரட்டும், முதலாளியின் விருப்பம் கேளாமலே. ஜமாஅத் நிர்வாகிகள் வசூல் பட்டியலைத் திறக்குமுன் நோயாளிக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கித் தந்து, இம்மூன்றையும் மனுவாக எழுதி, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் கையில் சேர்க்கட்டும்.