பேரனின் துப்பாக்கிப் பட்டியலைத் திருத்தினேன்



"34 வருஷம் டீச்சரா இருந்துட்டு, இப்போ பிள்ளைக்கு வேட்டை சொல்லித் தர்றியாம்மா?" என்று மகள் என்னைக் கேட்டுவிட்டாள். பதிலை எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறான். 'தி ஹண்டர்: கால் ஆஃப் தி வைல்ட்' என்ற வீடியோ கேம் விளையாடுகிறான். ஸ்வீடன் நிறுவனம் ஒன்று 2017இல் வெளியிட்டது. அதில் ஹிர்ஷ்ஃபெல்டன் என்று ஜெர்மனியைப் போல ஒரு காடு. மானும் காட்டுப்பன்றியும் நரியும் திரிகின்றன. நான் முதலில் திட்டத்தான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, அவன் அரை மணி நேரமாக ஒரு குண்டும் சுடாமல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தான். ஓடினால் சத்தம் கேட்டு விலங்கு போய்விடுமாம். வகுப்பில் இவ்வளவு பொறுமையாக இருக்கும் பையனை நான் அதிகம் பார்த்ததில்லை. திட்டாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அவனே வந்தான். "பாட்டி, கம்பெனிக்குப் புதுத் துப்பாக்கி கேட்டு எழுதப் போறேன். அடர்ந்த காட்டுல இருக்கிறது எதுவும் சரியா வரல. தமிழ்ல சொல்றேன், சரியா இருக்கா பாருங்க" என்றான். அவன் கேட்டவை மூன்று: ஆயிரம் மீட்டர் பாயும் பெரிய துப்பாக்கி, உடல் சூட்டை வைத்துப் புதருக்குள் இருப்பதைக் காட்டும் தொலைநோக்கி, நிறுத்தாமல் இருபது குண்டு சுடும் துப்பாக்கி.

மூன்றையும் அடித்துவிட்டேன். ஏன் என்று கேட்டான். அதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உண்ணிச்செடி மண்டிய காட்டில் பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது. அங்கே ஆயிரம் மீட்டர் பாயும் துப்பாக்கி எதற்கு? பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி வழியாக நாற்பது மீட்டரில் நிற்கும் பன்றியைப் பார்த்தால் கொஞ்சம் ரோமம்தான் தெரியும். தலை எது, வால் எது என்று புரியாது. நீளக் குழல் கொடியில் மாட்டும். கனமான குண்டு என்றால் புதரைத் துளைத்து நேராகப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் சரியல்ல. வேகமான குண்டோ மெதுவான குண்டோ, கிளையில் பட்டால் திசை மாறும்.

அடர்ந்த காட்டுக்கான துப்பாக்கி என்றால் கட்டையாக இருக்க வேண்டும், சட்டென்று தோளுக்கு வர வேண்டும், கிட்டத்தில் ஒரே அடியில் வேலையை முடிக்க வேண்டும். இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் நம் ஜவளகிரிக் காட்டில் ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைந்ததை 1954இல் வெளிவந்த தன் முதல் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்து அடுத்த குண்டை ஏற்றும் 1895 மாடல். தூரத்துக்கு அது லாயக்கில்லை. கிட்டத்தில் அதை நம்பலாம். பட்டியலில் முதலாவதாக அந்த வகையைப் போட்டேன்.

இரண்டாவது, ஜெர்மானியர்களின் 9.3×62. பெர்லினில் ஓட்டோ போக் என்ற துப்பாக்கித் தொழிலாளி 1905இல் வடிவமைத்த குண்டு அது. காட்டுப்பன்றிக்கு இன்றும் அங்கே புழங்குகிறது. அதோடு பெரிதாக்காத, அகலமாகக் காட்டும் கண்ணாடி. மூன்றாவது, ஒடித்துத் திறந்து ஒரே ஒரு குண்டு போடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. சின்ன மானுக்கு அது போதும்.

"ஒரே குண்டா? தவறினா என்ன பண்றது பாட்டி?" என்றான். தவறக் கூடாது என்பதற்காகத்தான்டா ஒரே குண்டு என்றேன். அந்த கேமிலேயே விலங்குகளை ஒன்று முதல் ஒன்பது வரை வகுப்பு பிரித்திருக்கிறார்கள். வகுப்புக்குப் பொருந்தாத குண்டால் சுட்டால் மதிப்பெண் குறைகிறது. ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது. காட்டுப்பன்றி, பெரிய மான் போன்றவற்றுக்குக் குண்டு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, நூறு மீட்டரில் 2000 ஜூல் சக்தி இருக்க வேண்டும். சின்ன ரோ மானுக்கு 1000 ஜூல். அடிபட்டு ஓடி வதைபடாமல் விலங்கு உடனே சாக வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

கடைசியாக, துப்பாக்கி அல்லாத ஒன்றையும் எழுதச் சொன்னேன். கிளையில் பட்ட குண்டு விலகிப் போக வேண்டும். விலங்கை முழுசாகப் பார்க்காமல் புதருக்குள் சுட்டவனுக்கு மதிப்பெண்ணே தரக் கூடாது.

இதை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொன்னேன் என்று பேரனிடம் அன்றுதான் சொன்னேன். என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். திடீரென்று ஒரு மாதம் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். இரவில் சோளக்காட்டுக்குக் காவல் போன அப்பாவைப் பன்றி என்று நினைத்து யாரோ நாட்டுத்துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள். புதர் அசைந்தது, சுட்டார்கள், அவ்வளவுதான். உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் காலை ஊன்றி அவர் மறுபடி ஏர் பிடிக்கவில்லை. பையன் படிப்பை விட இருந்தான், விடாமல் பிடித்து இழுத்து வந்தேன். அவனும் இதைப் படிப்பான். தப்பாக எழுதியிருந்தால் சொல்லப்பா.

கேட்டுவிட்டுப் பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சூடு காட்டும் தொலைநோக்கியை அவனே அடித்தான்.

நம் நாட்டில் 1972ஆம் வருடச் சட்டப்படி வனவிலங்கு வேட்டைக்குத் தடை உண்டு. அது சரியான சட்டம். நான் யாரையும் காட்டுக்குத் துப்பாக்கியோடு அனுப்பவில்லை. பிள்ளைகள் கையில் கேம் வந்தாகிவிட்டது. பிடுங்கினால் நண்பன் வீட்டில் போய் விளையாடுவார்கள். அதனால் பக்கத்தில் உட்காருங்கள், என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். தூரத்திலிருந்து தெரியாமல் கொல்லும் வசதியைக் கேட்டால், கிட்டே போய்ப் பார்த்துப் பொறுத்திருக்கும் கருவியைக் கேட்கச் சொல்லுங்கள். தெரியாததைச் சுடாதே என்ற பாடம் துப்பாக்கிக்கு மட்டுமல்ல. பையன் கையில் கேம் இருக்கிறது என்றதுமே திட்டப் போன எனக்கும் அது பொருந்தும்.

கடிதம் அனுப்பியாகிவிட்டது. பதில் வந்தால் சொல்கிறேன். மகளே, உனக்கும் பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். சாயங்காலம் போன் பண்ணு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்