மீரியபெத்தவின் பிள்ளைகளும் விண்வெளியும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தையை அண்மித்த மீரியபெத்த தோட்டத்தின் மீது மலை சரிந்து விழுந்தது. லயன் அறைகள் வரிசை வரிசையாகச் சேற்றினுள் புதைந்தன. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் அதனால் உயிர் தப்பினர். அவர்களுள் சிலர் திரும்பி வந்தபோது பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததாக அனர்த்தத்தின் பின்னர் அதிகாரிகள் தெரிவித்தனர். எச்சரிக்கை கோப்பில் இருந்தது. மலையின் கீழே உறங்கியவர்களிடம் அது அறிவாகச் சென்று சேரவில்லை.

பாடசாலை மாணவர்களுக்கான விண்வெளி ஆக்கத் திட்டங்கள் பற்றி எழுதப் புகுந்த நாம் மீரியபெத்தவிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதிலும் நெருக்கமானது.

வருடந்தோறும் ஒக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் அனுஷ்டிக்கப்படுகின்றது. முதலாவது செய்மதியான ஸ்புட்னிக் 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி ஏவப்பட்டதையும், விண்வெளி உடன்படிக்கை 1967 ஒக்டோபர் 10ஆம் திகதி நடைமுறைக்கு வந்ததையும் நினைவுகூர்ந்து, 1999இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனம் செய்த வாரம் இது. ஆசிய பசுபிக் பிராந்திய விண்வெளி முகவரகங்களின் மன்றம் 12 முதல் 16 வயது வரையிலான மாணவர்களுக்கு நீர் ரொக்கெட் போட்டியையும், 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குச் சுவரொட்டிப் போட்டியையும் நடத்தி வந்துள்ளது. எமது நாட்டில் இத்துறையின் மையம், 1984இல் தோற்றம் பெற்று மொரட்டுவையில் இயங்கும் ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவனமாகும். நீர் ரொக்கெட்டுக்குத் தேவைப்படுவது வெறுமையான சோடாப் போத்தலும், நீரும், ஒரு சைக்கிள் பம்பும்தான். ஆகவே பணச்செலவு இங்கு தடையல்ல. அறிவித்தல் தமிழ் மொழியில் உரிய காலத்தில் பூணாகலைக்கும் அப்புத்தளைக்கும் லுணுகலைக்கும் சென்று சேருகின்றதா, சேர்ந்தாலும் மொரட்டுவை வரை மாணவரை அழைத்துச் செல்வது யார் என்பனவே கேள்விகள்.

இந்நாட்டின் முதலாவது செய்மதி எனக் கூறப்படும் இராவணா-1, இரு இலங்கைப் பொறியியலாளர்களால் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவாக்கப்பட்டு, 2019 ஜூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. ஒரு கிலோகிராமைச் சற்றே தாண்டிய சிறு பெட்டி அது. அதற்கு இரண்டு வருடங்கள் முன்னர், தமிழகத்தின் கரூர் மாவட்டத்திலுள்ள பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்ற 18 வயது முஸ்லிம் இளைஞரும் அவரது குழுவினரும் 64 கிராம் எடையில் கலாம்சாட் என்ற கருவியை அமைத்தனர். மாணவர்களுக்கான போட்டியொன்றில் தெரிவாகி, 2017 ஜூன் 22ஆம் திகதி அமெரிக்காவின் நாசா ரொக்கெட்டில் அது பறந்தது. அது பூமியைச் சுற்றி வரவில்லை, மேலே சென்று திரும்பிய ஒரு பரிசோதனை மாத்திரமே. பத்திரிகைத் தலைப்புகள் (எமது தொழிலின் பலவீனம் இது) அதனை மிகைப்படுத்தின. ஆயினும் ஒரு சிற்றூரில் பிறந்த பிள்ளையின் கைவேலை விண்வெளியின் விளிம்பைத் தொட்டது உண்மை.

இதனிலும் எமக்கு முக்கியமாகப்படுவது ஆசாதிசாட். இந்தியாவின் 75 அரச பாடசாலைகளைச் சேர்ந்த 750 மாணவிகள் அதன் பாகங்களுக்கான கட்டளை நிரல்களை எழுதினர். 2022 ஓகஸ்ட் 7ஆம் திகதி ஏவப்பட்ட ரொக்கெட் அதனைத் தவறான பாதையில் விட்டதால் அச்செய்மதி இழக்கப்பட்டது. அத்துடன் கைவிடாமல் இரண்டாவது செய்மதியை அமைத்தனர். 2023 பெப்ரவரி 10ஆம் திகதி அது சுற்றுப்பாதையை அடைந்தது. பரிசளிப்பு விழாவோடு முடிந்துவிடும் போட்டிகளுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. தோல்வியின் பின்னரும் வேலை தொடர்ந்தது என்பதே அந்த வேறுபாடு.

லயன் கூரை ஒழுகும்போது வானத்தைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். பாதுகாப்பான காணியும் தனி வீடும் தோட்ட மக்களுக்கு முதலில் வேண்டியவை. எந்தப் போட்டியும் அவற்றுக்கு ஈடாகாது. எனினும், தோட்ட மாணவனுக்கு விண்வெளி என்பது செவ்வாய்க் கிரகம் மாத்திரமல்ல. அது அவனது கூரைமீது பெய்யும் மழையுமாகும்.

மீரியபெத்த சரிந்த அதே 2014இன் பெப்ரவரி மாதத்தில், அமெரிக்காவும் ஜப்பானும் இணைந்து உலக மழைவீழ்ச்சியை அளக்கும் செய்மதியொன்றை ஏவின. அதனுடன் ஏனைய செய்மதிகளின் தரவுகளையும் சேர்த்து, அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை உலகின் மழை கணிக்கப்பட்டு எவரும் பெறக்கூடியதாக இலவசமாக வெளியிடப்படுகின்றது. ஆனால், அக்கணிப்பின் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அகலமானது. ஊவாவின் மலைகளை அறிந்தவர்களுக்கு அதன் குறை விளங்கும். மலையின் ஒரு பக்கம் கொட்டும்போது மறுபக்கம் வெயிலடிக்கும். அந்த வேறுபாட்டைச் செய்மதி காணாது. தோட்டப் பாடசாலையின் முற்றத்தில் வைக்கப்படும் மழைமானி காணும்.

மண்சரிவு எச்சரிக்கைக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவுகள் எளியவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். ஒரு போத்தலில் மூன்று நிறக்கோடுகளை வரைந்து இதனை அளக்க தரம் 8 மாணவியால் முடியும். அவள் தினமும் குறித்த அளவைச் செய்மதியின் கணிப்போடு ஒப்பிட்டு, எந்த மலையில், எந்த மாதத்தில் இரண்டும் மாறுபடுகின்றன என்று எழுதினால் அது விளையாட்டல்ல. விஞ்ஞானிகளும் தேடும் தரவு அது. பத்துப் பாடசாலைகள் மூன்று வருடங்கள் தவறாது குறித்தால், அப்பகுதிக்கு வேறெங்கும் இல்லாத ஓர் ஏடு கிடைக்கும். மீரியபெத்தவின் சரிவை முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களில் ஒப்பிடுவது இன்னொரு திட்டம். கதையோ, ஓவியமோ, நாடகமோ ஆக்குவோருக்கும் பொருள் இங்கேயே உண்டு.

முஸ்லிம் பாடசாலைகளுக்கும் பொருத்தமான ஓர் ஆய்வு கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றது. ஒவ்வொரு இஸ்லாமிய மாதமும் 29ஆம் நாள் மாலையில் கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்காக நாடெங்கும் காத்திருக்கிறோம். அந்த மாலைகளில் சூரியன் மறைந்த நேரம், பிறையின் உயரம், முகில் நிலை ஆகியவற்றைப் பதுளை, வெலிமடை மாணவர்கள் ஓராண்டு முழுவதும் குறித்து வரலாம். பிறை பற்றிய தீர்ப்பு உலமாக்களுக்குரியது. அவதானிப்பு எவருக்கும் உரியது. பஞ்சாங்கத்தின் அமாவாசைக் கணிப்போடு தமிழ் மாணவர்கள் இதனை ஒப்பிட்டால், இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே வானத்தை ஒரே கொப்பியில் பதிந்தவர்களாவர்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது பதுளை மாவட்டமும் மண்சரிவுகளால் பெரும் இழப்பைச் சந்தித்தது. மீரியபெத்தவின் பின் பதினொரு வருடங்கள் கழிந்திருந்தன. இந்த இடைவெளியில் எத்தனை பாடசாலைகளில் மழை அளக்கப்பட்டது என்பதை ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் இவற்றை யார் நடத்துவது என்பதே உண்மையான இடர்ப்பாடு. ஆசிரியர் நியமனங்களை இக்கட்டுரையால் பெற்றுத்தர முடியாது. ஆயினும் மழைமானி வாசிப்பதற்குப் பட்டதாரி தேவையில்லை. தரவுகளை வலய மட்டத்தில் திரட்ட ஒரே ஓர் ஆசிரிய ஆலோசகரும், தமிழில் எழுதப்பட்ட நான்கு பக்கக் கைநூலும் போதுமானவை. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் மாதமொரு தடவை தோட்டத்துக்கு ஏறினால் மேலும் நல்லது.

ஊவாவில் இரண்டாவது இடைப்பருவ மழை ஒக்டோபரில் தொடங்குகின்றது. விண்வெளி வாரமும் அம்மாதத்தின் முதல் வாரத்திலேயே வருகின்றது. மீரியபெத்தவின் நினைவு நாளுக்கு அதிலிருந்து மூன்று வாரங்கள் கூட இல்லை. செப்டெம்பர் முடிவதற்குள் போத்தல்களும் கைநூலும் பாடசாலைகளைச் சென்றடைந்தாக வேண்டும்.