மழையோடு வரும் முகூர்த்தங்கள்

அன்புள்ள வாசகர்களுக்கு,

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஐப்பசி பாதியைத் தாண்டியிருக்கும். தீபாவளி முறுக்கு டப்பாவில் தூள்தான் மிச்சம். லேகியம் மட்டும் அப்படியே இருக்கும். அது எந்த வீட்டிலும் தீர்வதில்லை. கொல்லையில் காயாத துணி, திண்ணையில் ஈரக்குடை, சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் தடவிய நாலைந்து கல்யாணப் பத்திரிகை. மயிலாடுதுறையில் ஐப்பசி என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான்.

நம் ஊர்ச் செய்திப் பகுதிக்கு வருடம் முழுக்கக் கடிதம் வருகிறது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருகிற மாதிரி வேறெப்போதும் வருவதில்லை. காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணியில் ஒரு சுற்று முடிந்ததும் புரட்டாசி வந்துவிடும், பெருமாள் மாதம் என்று நிறுத்திவிடுவோம். மார்கழியில் மறுபடி நிறுத்தம். நடுவில் கிடைப்பது இந்த இரண்டு மாதம். வானமும் அதே இரண்டு மாதத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் வருடாந்தர மழையில் ஏறக்குறைய பாதியைக் கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. நம்மைப்போல் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அதன் பங்கு இன்னும் அதிகம். அதனால்தான் இந்த மாதங்களில் நம் ஊரில் எந்த விசேஷமும் பத்திரிகையில் அச்சிட்ட நேரத்துக்கு நடப்பதில்லை. ஆனால் நடக்காமலும் போவதில்லை. இந்த இதழுக்கு வந்த கடிதங்களை அடுக்கிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்.

குறுவை அறுப்பு ஓய்கிற சமயமும் இதுவே. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து, குறுவையும் ஒழுங்காக வந்தால், அந்தக் காசில்தான் தீபாவளித் துணி, பெண்ணுக்குத் தலை தீபாவளிச் சீர் எல்லாம். கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். தளர்வு வேண்டுமென்றால் டெல்லிவரை கேட்டாக வேண்டும். மழை விட்டால் நெல்லைப் பரப்புவதும், தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவதுமாகப் பொழுது போகும்.

மணல்மேட்டுப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகளும் மாப்பிள்ளையும் தலை தீபாவளிக்கு வந்து இறங்கியபோது இவர் வீட்டில் இல்லை. ரோட்டோரத்தில் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் மறுமுனையைப் பிடித்தாராம். “நெல்லுக்குப் பணம் வந்தது தீபாவளி கழித்துத்தான். மோதிரமும் அதற்கப்புறம்தான் போட்டேன். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை” என்று முடிகிறது கடிதம். அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு இன்னொரு மோதிரமே போடலாம் ஐயா.

கல்யாணக் கூறைப் புடவைக்குப் பேர்போன கூறைநாட்டிலிருந்து ஒரு வளைகாப்புச் செய்தி. காலையிலிருந்தே கொட்டித் தீர்த்ததில் வளையல்காரர் வந்துசேரவில்லை. தெருப் பெண்கள் அவரவர் வீட்டில் எடுத்துவைத்திருந்த புது வளையல்களைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். வலது கைக்கும் இடது கைக்கும் நிறம் ஒத்துவரவில்லை என்பதை உள்ளே உள்ள படத்தில் நீங்களே பார்க்கலாம். ஐந்து வகைச் சாதமும் அப்படித்தான் ஐந்து வீட்டு அடுப்பிலிருந்து வந்ததாம்.

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நமக்கோ அது 20 கிலோமீட்டர் சொச்சம். அபிராமி சந்நிதியில் அறுபதுக்கு சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம் என்று ஒரே நாளில் எத்தனையோ தம்பதிகள் மாலையும் கழுத்துமாக நிற்பார்கள். போன மாதம் அப்படி நின்ற நம் வாசகர் தம்பதிக்கு ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை. மழையில் விமானம் தாமதமாகி, சென்னையில் பிடிக்க வேண்டிய ரயிலும் போய்விட்டது. சாஸ்திரிகள் ஹோமத்தை முடித்துக்கொண்டு, மாங்கல்ய தாரணத்தை மட்டும் அடுத்த நல்ல நேரத்துக்குத் தள்ளினார். நனைந்த சட்டையோடு ஓடிவந்த பிள்ளை, அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்தார். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத குடும்பத்தார் அவருக்கு ஒரு துண்டைக் கொடுத்துத் தலை துவட்டச் சொன்னார்களாம்.

மழையைச் செல்லமாகவே பேசிக்கொண்டிருக்க முடியாது என்பதும் நமக்குத் தெரியும். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியதை யாரும் மறக்கவில்லை. நடவு முடிந்த சம்பா வயல் ஏரியாகிவிட்டது. பல ஊர்களில் மின்சாரம் இல்லை. அந்த வாரத்தில் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு தாயார் இப்போதுதான் அதை எழுதி அனுப்பியிருக்கிறார். முழங்கால் தண்ணீரில் மண்டபத்துக்குப் போக முடியவில்லை. உள்ளூர்ப் பிள்ளையார் கோவிலில் பத்துப் பேர் முன்னிலையில் தாலி கட்டினார்கள். விருந்துக்கு வாங்கிவைத்த அரிசியும் காய்கறியும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குச் சாப்பாடாகப் போனது. “எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் யாரென்று எங்களுக்கே தெரியாது” என்கிறார் அந்தம்மா. அவர் கடிதத்தை முழுதாகப் போட்டிருக்கிறோம். வருடம் கடந்துவிட்டதே என்று யோசிக்கவில்லை.

துக்கச் செய்திகளும் உண்டு. பஸ் ஓடாத நாளில் போய்ச்சேர்ந்தவர்களை வழியனுப்பக்கூட முடியாமல் போனவர்கள், பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். நேரத்துக்கு வரவில்லை என்று அந்த வீடுகளில் யாரும் முகம் திருப்பிக்கொள்ளவில்லை.

முகம் திருப்பாமல் இருக்க இந்த ஊருக்கு நல்ல பழக்கம் உண்டு. ‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா’ என்று சொல்லிக்கொள்கிற நாம், அதற்குக் காரணமாகத் துலாக்கட்டத்தைக் காட்டுவோம். ஐப்பசி முப்பது நாளும் கங்கை முதலான நதிகள் தங்கள் பாவம் போக இங்கே காவிரியில் வந்து முழுகுவதாக ஐதிகம். மாதக் கடைசி நாளில் கடைமுகம். சுவாமிகள் எழுந்தருளி, தீர்த்தவாரி நடந்து, காவிரிக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. அதோடு முடிந்தது என்று கடையைக் கட்டியிருக்கலாம். நம் ஊர் கட்டவில்லை. கால் முடியாத ஒருவர் எங்கிருந்தோ தவழ்ந்து தவழ்ந்து வருகிறார். வந்து சேர்வதற்குள் ஐப்பசி போய்விட்டது. அவருக்காகக் கார்த்திகை முதல் நாளிலும் அதே பலனைத் தருவதாகச் சிவபெருமான் வரம் கொடுத்தார் என்பது கதை. முடவன் முழுக்கு என்று அந்த நாளையும் இன்றுவரை கொண்டாடுகிறோம். முந்தின நாள் கூட்டத்துக்குப் பயந்த பாட்டிமார்களும், லீவு கிடைக்காத பிள்ளைகளும், ராத்திரி ரயிலில் வந்து இறங்கியவர்களும் அன்றைக்குத்தான் முழுகுகிறார்கள். ஒருவருக்காகத் தள்ளிவைத்த நாள் எத்தனை பேருக்கு உதவுகிறது, பாருங்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் “தாமதமாக அனுப்புகிறேன், இடமிருந்தால் போடுங்கள்” என்றுதான் தொடங்குகின்றன. விசேஷம் முடிந்து, பந்தல் பிரித்து, மொய் நோட்டைச் சரிபார்த்து, வந்தவர்களை வண்டி ஏற்றி விட்டபிறகுதானே பேனாவை எடுக்க முடியும்? அதைத் தாமதம் என்று நாங்கள் கணக்கில் வைப்பதில்லை. எழுதும்போது மாப்பிள்ளை படிப்பையும் மண்டபத்தின் பெயரையும் இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். சமையல் ஆள் வராதபோது கரண்டி பிடித்தது யார், மழையில் மாட்டிக்கொண்ட சம்பந்தி வீட்டாரை டிராக்டரில் ஏற்றி வந்தது யார் என்பதைத் தாராளமாக எழுதுங்கள். ஊருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

கார்த்திகை இதழுக்கான செய்திகள் மாதம் பிறப்பதற்குள் வர வேண்டும் என்று பின்பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறோம். அது அச்சகத்தாருக்காகப் போட்டது. பிந்தி வருகிறவை மார்கழி இதழில் வரும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. எங்களிடம் பக்கம் நிறைய இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்